ஆர்.ஓ. மெஷினுக்கு பூஸ்டர் பம்ப்: டெல்டா வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் ஆர்.ஓ. மெஷின் பழுது பார்க்கப் போகிற வீடுகளில் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. போனில் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் கேட்பவர்களுக்கு அனுப்பிவிடலாம். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். எல்லாமே வீட்டுச் சுவரில் மாட்டுகிற சாதாரண மெஷினைப் பற்றியவை. மண்டபத்து பிளாண்ட் பற்றி மட்டும் ஒரு கேள்வி உண்டு.

மாடியிலதான் டேங்க் இருக்கே தம்பி, அப்புறம் எதுக்கு மெஷினுக்குள்ள தனியா ஒரு பம்ப்?

மாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற தண்ணீருக்கு நாம் நினைக்கிற அளவு அழுத்தம் கிடையாது. 10 அடி உயரத்துக்கு 4.3 பிஎஸ்ஐதான் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தை அளக்கிற அலகு). தரைத்தள வீடு என்றால் தொட்டிக்கும் சமையலறைக் குழாய்க்கும் நடுவே 10, 12 அடி இருக்கும். கிடைப்பது 5 பிஎஸ்ஐ. மெஷினுக்குள் இருக்கிற மெம்பிரேன் என்கிற சவ்வையோ 50 பிஎஸ்ஐ, அதற்கும் மேல் வைத்துச் சோதித்துத்தான் கம்பெனி அதன் அளவைச் சொல்கிறது.

நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தை நிரப்புவதுதான் பூஸ்டர் பம்ப். பெரும்பாலும் 24 வோல்ட் டிசி மோட்டார், அதன் தலைக்குள் ஒரு ரப்பர் டயாஃப்ரம். பம்ப் தண்ணீரைச் சுத்தம் செய்யாது. உப்பைப் பிரிப்பது மெம்பிரேன். அதற்குத் தேவையான தள்ளு விசையைக் கொடுப்பதோடு பம்பின் வேலை முடிந்தது. கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு விடை இதிலேயே இருக்கிறது.

எங்க வீட்டுக்கு ஆர்.ஓ.வே வேணுமான்னு மொதல்ல சொல்லுங்க.

தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவைத்தான் டிடிஎஸ் என்கிறோம், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று. ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி அளந்து பாருங்கள். ஐஎஸ் 10500 என்கிற இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி டிடிஎஸ் 500 வரை நல்லது; வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். கும்பகோணம், திருவையாறு மாதிரி ஆற்றங்கரை ஊர்களில் நல்ல தண்ணீர் கிடைக்கிற இடம் நிறைய உண்டு. கொள்ளிடத்திலிருந்து வருகிற கூட்டுக் குடிநீரும் பெரும்பாலும் உப்புப் பிரச்சினை இல்லாதது. அந்தத் தண்ணீர் உள்ள வீட்டுக்கு யூவி (புற ஊதா விளக்கு) அல்லது யூஎஃப் (நுண்துளை வடிகட்டி) மெஷின் போதும். கிருமியை அதுவே பார்த்துக்கொள்ளும். பூஸ்டர் பம்பும் வேண்டாம், வேஸ்ட் தண்ணீரும் இல்லை.

கிழக்கே போகப் போக, வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம், போர் தண்ணீர் கரிக்க ஆரம்பித்துவிடும். அங்கே ஆர்.ஓ. இல்லாமல் முடியாது. ஒரு தடவை அளந்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். சித்திரையில் ஒரு தடவை, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு தடவை பாருங்கள். ஒரே போரில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். மெஷினைக் கோடைக்கால எண்ணுக்குத் தகுந்த மாதிரி வாங்க வேண்டும்.

75, 100, 300னு போட்டிருக்கே, எதை வாங்கறது? பெருசுதானே நல்லது?

அந்த எண் ஜிபிடி, அதாவது ஒரு நாளைக்கு எத்தனை கேலன் என்ற கணக்கு. 75 ஜிபிடி என்றால் 24 மணி நேரத்தில் 284 லிட்டர், மணிக்குப் பன்னிரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அது கம்பெனி சோதனைத் தண்ணீரில் வந்த எண். நம்மூர்த் தண்ணீரில் மணிக்கு 8, 10 லிட்டர் வந்தாலே மெஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மெம்பிரேனில் என்ன எண்ணோ, பம்பில் அதே எண் அல்லது ஒரு படி மேலே இருந்தால் போதும். 75, 80 மெம்பிரேனுக்கு 100 பம்ப் பொருத்தமான ஜோடி. 300 பம்ப் இரண்டு மெம்பிரேன் ஓடுகிற மெஷினுக்கு. அதை ஒற்றை மெம்பிரேனில் மாட்டினால் சத்தமும் சூடும்தான் மிச்சம். பம்பை மட்டும் பெரிதாக்கிவிட்டு பழைய அடாப்டரையே விட்டுவைப்பதும் தப்பு. பெரிய பம்ப் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். அடாப்டர் திணறி வோல்டேஜ் இறங்கும். பழைய பம்பைவிட மோசமாக ஓடும். பம்ப் 24 வோல்ட்டா, 36-ஆ, 48-ஆ என்று ஸ்டிக்கரைப் பார்த்து அதற்கேற்ற எஸ்எம்பிஎஸ் (அடாப்டரின் இன்னொரு பெயர்) வாங்குங்கள்.

எங்க போர் 1800 டிடிஎஸ். பெரிய பம்ப் போட்டா உப்பு நல்லா குறையுமா அண்ணே?

உப்புத் தண்ணீருக்கு ஒரு எதிர்ப்பு அழுத்தம் உண்டு. தோராயமாக 100 டிடிஎஸ்ஸுக்கு 1 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளலாம். 1800 என்றால் 18. மெம்பிரேனுக்குள் தண்ணீர் நகர நகர உப்பு அடர்ந்துகொண்டே போவதால் வெளியேறும் முனையில் அது 25-ஐத் தொடும். பம்ப் 80 பிஎஸ்ஐ கொடுத்தால் உண்மையில் வேலை செய்வது 58, 60தான். 500 டிடிஎஸ் உள்ள வீட்டில் அதே பம்புக்கு 74 மிஞ்சும். பக்கத்து ஊரில் கேன் சீக்கிரம் நிரம்புகிறது, நமக்கு நேரமாகிறது என்றால் காரணம் இது.

அழுத்தம் கூடினால் நல்ல தண்ணீர் அதிகமாக வரும். உப்பு கசிவது ஏறக்குறைய அதே அளவில் நிற்பதால் டிடிஎஸ் கொஞ்சம் இறங்கவும் செய்யும். ஆனால் ஏற்கெனவே 80 வருகிற இடத்தில் பம்பை மாற்றிப் பெரிய பலன் இல்லை. அதிக டிடிஎஸ்ஸுக்கென்று வருகிற மெம்பிரேனைப் போடுங்கள், அதுதான் பேசும். 2000-க்கு மேல் போய்விட்டால் குடிக்க மட்டுமாவது கூட்டுக் குடிநீர்க் குழாயை மெஷினுக்குத் திருப்ப முடியுமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். கடல் தண்ணீர் 35,000 டிடிஎஸ். அதை வீட்டு மெஷினில் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. முடியாது.

80 வருது, 60 வருதுங்கறீங்களே, அதை எப்படிப் பாக்கறது?

150 பிஎஸ்ஐ வரை காட்டுகிற சின்ன பிரஷர் கேஜும், கால் அங்குல டியூப்புக்கான ஒரு டீயும் வாங்கினால் போதும். பம்பிலிருந்து மெம்பிரேனுக்குப் போகிற டியூப்பை வெட்டி நடுவில் டீயைச் செருகி, மூன்றாவது வாயில் கேஜை மாட்டுங்கள். மெஷின் ஓடும்போது 70 முதல் 90 வரை நின்றால் கவலையில்லை.

40, 50-லேயே நிற்கிறதா? வேஸ்ட் டியூப்பை விரலால் மடக்கிச் சில விநாடி பிடியுங்கள். முள் சடசடவென்று 100-ஐ நோக்கி ஏறினால் பம்ப் நன்றாக இருக்கிறது, வேஸ்ட் தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்துகிற, எஃப்.ஆர். எனப்படும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர்தான் தளர்ந்துபோய் தண்ணீரை வீணாக வெளியே விடுகிறது. உடனே விட்டுவிடுங்கள், மடக்கியே வைத்திருந்தால் எங்காவது ஜாயின்ட் பிய்த்துக்கொள்ளும்.

மடக்கியும் முள் ஏறவில்லை என்றால் அடுத்த சோதனை. உள்ளே வருகிற குழாயை மூடுங்கள். பம்புக்குள் நுழைகிற டியூப்பைக் கழற்றி, வேறொரு டியூப் துண்டைப் பம்பில் செருகி, அதன் மறுமுனையை ஒரு வாளி நல்ல தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் போதாதபோது பம்பை நிறுத்துகிற எல்.பி.எஸ். சுவிட்ச் இருந்து மெஷின் ஓட மறுத்தால் சோதனை நேரத்துக்கு மட்டும் அதை நேர் இணைப்பு கொடுக்க வேண்டும். பம்ப் தானாக உறிஞ்சி, முள்ளும் ஏறினால் குற்றவாளி பம்ப் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிற ஃபில்டரோ, கரண்டில் திறந்து மூடுகிற சோலனாய்டு வால்வோதான். வாளியிலிருந்தும் இழுக்கத் திணறினால் பம்புக்கு வயதாகிவிட்டது.

வந்து பாத்தவர் ‘பம்பு போச்சு’ன்னுட்டார். நம்பலாமா?

மேலே சொன்ன வாளிச் சோதனையை அவரையே செய்து காட்டச் சொல்லுங்கள். கூடவே மல்டிமீட்டரை வைத்து, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இரண்டு ஒயரிலும் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓடாமல் சும்மா இருக்கும்போது 24 காட்டிவிட்டு ஓட ஆரம்பித்ததும் 16, 17-க்கு விழுந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டும். பம்பைவிட அது மலிவு.

பம்பின் மேல் பழி விழுவது சத்தம் போடுகிற பாகம் அது ஒன்றுதான் என்பதால். என் அனுபவத்தில் பம்ப் என்று சொல்லிக் கூப்பிடுகிற வீடுகளில் பெரும்பாலும் முதல் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் அடாப்டர் படுத்திருக்கும். பம்பின் தலையிலிருந்து தண்ணீர் கசிந்தாலோ, சரியான வோல்டேஜ் வந்தும் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றாலோ பம்பை மாற்ற வேண்டியதுதான்.

டக்குனு ஓடுது, டக்குனு நிக்குது. ராத்திரி பூரா இதே கூத்து.

எல்.பி.எஸ். எனப்படும் லோ பிரஷர் சுவிட்சின் வேலை அது. வரும் தண்ணீர் போதவில்லை என்றால் பம்பை நிறுத்தும், நின்றதும் அழுத்தம் சேரும், உடனே ஓட விடும், மறுபடி போதாது. வெளியில் இருக்கிற, மண் தூசியைப் பிடிக்கிற செடிமென்ட் ஃபில்டரை முதலில் மாற்றுங்கள். அது புதிதாக இருந்தும் நிற்கவில்லை என்றால் குழாயிலிருந்து மெஷினுக்கு வருகிற டியூப்பைப் பாருங்கள். மெல்லிய கால் அங்குல டியூப்பில் இருபது அடி இழுத்திருந்தால் 5 பிஎஸ்ஐயில் பாதி வழியிலேயே போய்விடும். எட்டில் மூன்று (3/8) அங்குல டியூப் போட்டால் சரியாகிவிடும்.

சிலர் எல்.பி.எஸ்ஸையே கழற்றி நேர் இணைப்பு கொடுத்துவிட்டுப் போவார்கள். சோதனைக்குச் சரி, நிரந்தரமாக வேண்டாம். தொட்டி காலியாக இருப்பது தெரியாமல் பம்ப் மணிக்கணக்காக வெறுமனே ஓடி டயாஃப்ரத்தைத் தின்னும்.

சத்தம் மட்டும் ஜாஸ்தியா இருக்கு, தண்ணி நல்லா வருது.

பம்பின் காலில் இருக்கிற ரப்பர் புஷ் கெட்டியாகியிருக்கும், அல்லது மெஷின் ஒரே ஆணியில் தொங்கிச் சுவரில் அதிரும். புஷ் மாற்றி, ஸ்க்ரூவை அளவாக முடுக்குங்கள். ஃபில்டர் மாற்றிய அன்று மட்டும் சத்தம் என்றால் உள்ளே காற்று. சற்று நேரம் ஓடினால் அடங்கிவிடும்.

போர் தண்ணி எடுக்கும்போது தெளிவா இருக்கு, வாளியில வச்சா செங்காவி படியுது. பம்புக்கு ஆகாதா?

பம்புக்கும் ஆகாது, மெம்பிரேனுக்கும் ஆகாது. அது இரும்பு. பூமிக்குள் கரைந்திருப்பது காற்றுப் பட்டதும் துருவாகப் பிரிகிறது. மெஷினுக்குள் வந்து பிரிந்தால் பம்பின் வால்வு ரப்பர்களில் செங்களியாக ஒட்டி, அவை மூடாமல் போகும். பம்ப் ஓடும், முள் ஏறாது. தலையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே செம்மண் சேறு மாதிரி வழவழவென்று விரலில் ஒட்டும்.

போர் தண்ணீரை மாடித் தொட்டியில் ஷவர் மாதிரி விழவிட்டு, ஓர் இரவு தெளியவிட்டு, தொட்டியின் அடியிலிருந்து அரை அடி மேலே மெஷினுக்குக் குழாய் எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு இரும்பு நீக்குகிற ஃபில்டர் வேண்டும். தொட்டியை மாதம் ஒரு தடவையாவது கழுவ வேண்டியிருக்கும். ஆற்றில் புதுத்தண்ணி வருகிற சமயத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கினாலும் செடிமென்ட் ஃபில்டரை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள்.

மார்கழி வந்தா தண்ணி கம்மியா வருது. பம்பு வீக் ஆயிடுச்சா?

இல்லை. தண்ணீர் குளிர்ந்தால் மெம்பிரேன் வழியாக மெதுவாகத்தான் போகும். ஒரு டிகிரிக்குச் சுமார் 3 சதவீதம். மே மாதம் வெயிலில் கொதித்த தொட்டித் தண்ணீரையும் மார்கழி விடியற்காலைத் தண்ணீரையும் ஒப்பிட்டால் கேன் நிரம்புகிற நேரம் நன்றாகவே மாறும். முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது பழைய இடத்திலேயே இருந்தால் பம்பை விட்டுவிடுங்கள். கோடையில் தண்ணீர் வேகமாக வந்தாலும் டிடிஎஸ் கொஞ்சம் ஏறியிருக்கும், அதுவும் இதே காரணம்தான்.

சாயந்திரம் வோல்டேஜ் எறங்கிடும். இன்வெர்ட்டர்ல ஓட்டலாமா? கரண்ட் பில் ஏறுமா?

நல்ல எஸ்எம்பிஎஸ் தாழ்ந்த வோல்டேஜையும் சமாளிக்கும். எது வரை என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். இன்வெர்ட்டரில் தாராளமாக ஓட்டலாம். மெஷின் மொத்தமே 40 வாட் அளவுதான். நாளைக்கு இரண்டரை மணி நேரம் ஓடினால் 0.1 யூனிட், இரண்டு மாதத்துக்கு 6 யூனிட். இலவச 100 யூனிட்டில் அது ஒரு மூலை.

தாழ்ந்த வோல்டேஜைவிட இடிக்குத்தான் பயப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மின்னல் வெட்டினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கஜா புயலப்போ வாரக்கணக்குல கரண்ட் இல்ல. அந்த மாதிரி நேரத்துல மெஷினை ஓட்ட வழி உண்டா?

2018 நவம்பருக்குப் பிறகு வேதாரண்யம் பக்கத்தில் இதைக் கேட்காத வீடு குறைவு. வழி உண்டு. பம்பும் சோலனாய்டு வால்வும் 24 வோல்ட் டிசி என்றால் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து, எஸ்எம்பிஎஸ் வெளியீடு போகிற இடத்தில் கொடுக்கலாம். 7 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி இரண்டு இருந்தால் ஒரு சார்ஜில் மூன்று மணி நேரம் ஓட்டி 25 லிட்டர் எடுத்துவிடலாம். அதற்கு மேல் இழுத்தால் பேட்டரி கெடும். பிளஸ், மைனஸ் மாறக்கூடாது, நடுவில் ஃபியூஸ் இருக்க வேண்டும். புயல் வந்த பிறகு தேடாமல் முன்பே மெக்கானிக்கை வைத்து ஒரு சாக்கெட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யூவி விளக்கு தனி லைனில் இருந்தால் அது எரியாது. பிடித்த தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றின் கலங்கல் தண்ணீரை நேரே மெஷினில் விடாதீர்கள். ஒரே நாளில் ஃபில்டர் அடைத்துவிடும், அந்த நேரத்தில் புது ஃபில்டருக்கு எங்கே போவது?

வேஸ்ட் தண்ணி வயித்தெரிச்சலா இருக்கு. எஃப்.ஆரை சின்னதா மாத்திட்டா பம்பு பிரஷரும் ஏறும், தண்ணியும் மிச்சமாகும்ல?

இரண்டும் உண்மைதான், தற்காலிகமாக. நிமிஷத்துக்கு 150 மில்லி நல்ல தண்ணீர், 450 மில்லி வேஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வந்த உப்பு முழுக்க அந்த 450-க்குள் அடங்குகிறது, அதாவது அடர்த்தி ஒன்றே கால் மடங்குக்குக் கொஞ்சம் மேல். வேஸ்டை 150-ஆகக் குறைத்தால் அடர்த்தி இரண்டு மடங்கு. 1800 டிடிஎஸ் தண்ணீர் மெம்பிரேன் முனையில் 3600 ஆகிறது. எதிர்ப்பு அழுத்தம் அந்தக் கணக்கில் ஏறுவதோடு சுண்ணாம்பும் அங்கேயே படியும். மிச்சம் பிடித்த தண்ணீரின் மதிப்பைப் புது மெம்பிரேன் ஒரே வருஷத்தில் வாங்கிக்கொள்ளும்.

500, 600 டிடிஎஸ் வீட்டில் ஒரு படி சின்ன எஃப்.ஆர். போடுவதில் தப்பில்லை. உப்புத் தண்ணீர் வீட்டில் தொடாதீர்கள். வேஸ்ட் டியூப்பை ஒரு டிரம்மில் விட்டுக் கக்கூசுக்கும் வாசல் கழுவவும் எடுத்துக்கொள்ளுங்கள். 2000-க்கு மேல் உள்ள வேஸ்டைக் கறிவேப்பிலைக்கோ மல்லிகைக்கோ ஊற்ற வேண்டாம், இலை கருகும்.

பம்பு தலையில ஒரு ஸ்க்ரூ இருக்கு. அதைத் திருகினா பிரஷர் ஏறும்னு வீடியோல காட்டறானே?

சில பம்புகளில் ஏறும். அது பம்ப் எல்லை மீறாமல் இருக்கக் கம்பெனியில் வைத்த பைபாஸ். வீட்டு மெம்பிரேன் ஹவுசிங்கும் எல்போக்களும் அந்த எல்லையை நம்பித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. நடுராத்திரியில் ஒரு எல்போ தெறித்தால் சமையலறை குளமாகிவிடும். பிரஷர் இறங்கியதற்குக் காரணம் முன்பு சொன்ன மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: ஃபில்டர், அடாப்டர், எஃப்.ஆர்.

கரண்ட் இல்லாதப்பவும் வேஸ்ட் டியூப்ல தண்ணி ஓடிட்டே இருக்கு.

சோலனாய்டு வால்வு மூடவில்லை. மணல் துகள் சிக்கியிருக்கும் அல்லது ரப்பர் தேய்ந்திருக்கும். பம்புக்கு இதில் சம்பந்தமில்லை. வால்வை மாற்றுங்கள், அதுவரை குழாயை மூடி வையுங்கள்.

புது வீட்டுல பாத்ரூமுக்காக பிரஷர் பம்ப் போட்டிருக்கோம். இனி ஆர்.ஓ. பம்ப் வேண்டாமே?

வீட்டு பிரஷர் பம்ப் 2, 3 பார் கொடுக்கும், அதாவது 30 முதல் 44 பிஎஸ்ஐ. மெம்பிரேனுக்கு அது போதாது, அதனால் ஆர்.ஓ. பம்ப் வேண்டும். ஆனால் இரண்டும் சேரும்போது அழுத்தம் கூடிப்போய் ஜாயின்ட்கள் கசியும். இன்னொரு தொல்லையும் உண்டு: மெஷின் இழுப்பது நிமிஷத்துக்கு அரை லிட்டர் சொச்சம். அந்தச் சின்ன இழுப்புக்கெல்லாம் வீட்டு பிரஷர் பம்ப் ஓடி நின்று, ஓடி நின்று, அதன் ஆயுசும் போகும்.

மெஷினுக்கான குழாயைப் பிரஷர் பம்புக்கு முன்னாலேயே, தொட்டியிலிருந்து நேராக இறங்குகிற லைனில் எடுத்துவிடுங்கள். டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள், இனி உடைக்க முடியாது என்றால் மெஷினுக்கு முன்னால் பிரஷர் குறைக்கிற வால்வு ஒன்று போட வேண்டும்.

மண்டபத்துக்கு வீட்டு பம்ப் நாலஞ்சைச் சேத்துப் போட்டு ஓட்டலாமா?

டீக்கடைக்கு மணிக்கு 25 லிட்டர் மெஷின் அப்படித்தான் வருகிறது, இரண்டு பம்ப், இரண்டு மெம்பிரேன். அதற்கு மேல் அந்த வழி வேண்டாம். முகூர்த்த நாளில் மணிக்கு 250 லிட்டர் வேண்டும் என்றால் நான்கு அங்குல மெம்பிரேனும் அரைக் குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மல்டிஸ்டேஜ் பம்பும் உள்ள பிளாண்ட்தான் சரி. அதன் கணக்கே வேறு.

சிங்கப்பூர்ல மகன் வீட்டுக்குப் போயிட்டு மூணு மாசம் கழிச்சு வந்தோம். மெஷினை அப்படியே போடலாமா?

போடுவதற்கு முன் மெஷின் தொட்டியில் தேங்கியிருப்பதைக் கொட்டிவிட்டு, தொட்டியைக் கழுவுங்கள். செடிமென்ட், கார்பன் ஃபில்டர்களில் வாடை இருந்தால் மாற்றிவிடுங்கள். பிறகு ஓடவிட்டு, முதலில் நிரம்புகிற இரண்டு தொட்டித் தண்ணீரையும் குடிக்காமல் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் உறுமிவிட்டு நின்றால் உடனே புதிது வாங்கிவிடாதீர்கள். நாள்பட்டுக் கிடந்ததில் டயாஃப்ரமும் வால்வும் ஒட்டியிருக்கும். முன்பு சொன்ன வாளி முறையில் இளஞ்சூட்டுத் தண்ணீரை வைத்து இரண்டு, மூன்று தடவை ஓட்டி நிறுத்திப் பாருங்கள். பல சமயம் கிளம்பிவிடும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது குழாயை மூடி, பிளக்கைக் கழற்றி, தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போங்கள். சாவி கொடுத்துவிட்டுப் போகிற பக்கத்து வீட்டுக்காரர் வாரம் ஒரு தடவை வந்து அரை மணி ஓட்டுவார் என்றால் இன்னும் நல்லது, தண்ணீரையும் அவரே எடுத்துக்கொள்ளட்டும்.